ஆய்வறிக்கைக்கு மதிப்பெண் போட்டுவிடலாம், ஆய்வுத் திறனுக்கு எப்படிப் போடுவது?

சாளரம் எழுதியது:

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பருவத்திலிருந்து பிள்ளைகளின் ஆய்வுத் திறனுக்குத் தனியாக மதிப்பெண் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், நானே ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் மதிப்பெண் போட உட்கார்ந்தால், எதற்குப் போடுகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

கொடுத்தது ஊசல். அலைவு நேரம் எதைப் பொறுத்து மாறுகிறது, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். நூல், கொக்கி எடைகள், ஸ்டாப்வாட்ச் எல்லாம் மேசையில் இருந்தன. வந்து சேர்ந்த அறிக்கைகள் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, அட்டவணை, முடிவு என ஒரே அச்சு. எல்லாரும் "நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல" என்று சரியாக முடித்திருக்கிறார்கள்.

வகுப்பில் சுற்றி வந்தபோது நான் பார்த்தது வேறு. ஒரு குழு நீளத்தையும் எடையையும் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு குழுவுக்கு எடை கூடக் கூட அலைவு நேரமும் கூடியது. அந்த எண்கள் அறிக்கையில் இல்லை, புத்தகத்துக்கு ஒத்துப்போகும் எண்கள்தான் இருக்கின்றன. மூன்றாவது ஒரு குழு பொறுமையாக யோசித்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தது. மூன்று குழுவுக்கும் ஒரே மதிப்பெண் போட எனக்கு மனசு வரவில்லை. எதைப் பார்த்துப் போடுகிறீர்கள், சொல்லுங்கள்.

---

மாறிலி எழுதியது:

எடை கூடினால் நேரமும் கூடியது என்று பார்த்த குழுவை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு உங்கள் வகுப்பில் உண்மையான அறிவியல் நடந்த இடம் அதுதான்.

அவர்கள் கொக்கி எடைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டியிருப்பார்கள், கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்கிறேன். அப்படி மாட்டினால் எடை கூடுகிறது, கூடவே எடைமையமும் கீழே இறங்குகிறது, அதாவது ஊசலின் நீளமும் கூடிவிடுகிறது. நூலின் நீளத்தை மட்டும் அளக்கும் பிள்ளைக்கு இது தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 செ.மீ. ஊசலுக்கு 20 அலைவுகள் ஏறக்குறைய 25.4 நொடி. எடைமையம் 5 செ.மீ. இறங்கி 45 ஆனால் அதே 20 அலைவுகளுக்கு ஏறக்குறைய 26.9 நொடி. ஒன்றரை நொடி வித்தியாசத்தை எந்தப் பிள்ளையும் கவனிக்கும். அவர்கள் சரியாக அளந்திருக்கிறார்கள், அவர்கள் பார்த்தது உண்மை. அதற்கு எடை காரணமல்ல, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே ஒரு அலைவை மட்டும் அளந்திருந்தால் இந்த வித்தியாசம் 0.08 நொடிக்குள்தான் இருக்கும். ஸ்டாப்வாட்சை அமுக்கும் கை தாமதிப்பதே 0.2 நொடி அளவுக்கு இருக்கும், அதில் இது காணாமல் போயிருக்கும். ஆகவே பல அலைவுகளை எண்ணி அளந்த கவனமான குழுவுக்குத்தான் "தப்பான" முடிவு கிடைத்தது, அவசரமாக ஒரு அலைவை மட்டும் அளக்கும் குழுவுக்குப் புத்தக முடிவு கிடைத்திருக்கும்! முடிவைப் பார்த்து மதிப்பெண் போட்டால் கவனமாகச் செய்தவர்களைத் தண்டிக்கிறோம்.

அந்தக் குழுவைத் திரும்பக் கூப்பிட்டு, முதலில் எடுத்த எண்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். "எடை மாறும்போது வேறு எதுவும் சேர்ந்து மாறியதா?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு மதிப்பெண் போடுங்கள்.

அப்புறம், விடை புத்தகத்தில் இருக்கும் சோதனையை ஆய்வுத் திறனுக்கு வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

---

வெண்பலகை எழுதியது:

ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால் அது ஆய்வே அல்ல என்றுதான் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சாளரம் டீச்சர் செய்தது அதுதானே? ஒரு நேரத்தில் ஒரு மாறியை (நீளம், எடை மாதிரி மாறக்கூடிய ஒன்றை) மட்டும் மாற்று என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அப்புறம் பிள்ளை எதைக் கண்டுபிடிக்கும்? உண்மையிலேயே குழப்பமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

---

நடுக்கோடு எழுதியது:

வெண்பலகை, உங்கள் கேள்வியை வைத்தே ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது.

டேவிட் கிளார், மிலேனா நிகாம் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 112 பேர். சாய்தளத்தில் பந்து உருளும் சோதனை: சரிவு, பரப்பு, ஓடும் தூரம், பந்து என மாற்றுவதற்குப் பல இருக்கும். பாதிப் பேருக்கு, எது நல்ல சோதனை, எது குழப்பும் சோதனை, ஏன் என்று நேரடியாகக் காட்டி விளக்கினார்கள். மீதிப் பேர் எந்த வழிகாட்டுதலும் இல்லாமல் தாங்களே செய்து பார்த்தார்கள். நேரடியாகக் கற்றவர்களில் 77 சதவீதம் பேர் மாறிகளைக் கட்டுப்படுத்தும் முறையில், அதாவது ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பதில், தேர்ந்தார்கள். தாமே செய்து பார்த்தவர்களில் 23 சதவீதம்தான். பின்னால் வேறு மாணவர்களின் அறிவியல் கண்காட்சிப் பலகைகளைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொன்னபோது, எந்த வழியில் கற்றுத் தேர்ந்திருந்தாலும் இரு தரப்பும் ஒரே அளவுக்குத் திறமையாகச் செய்தார்கள்.

ஆக, "தானே கண்டுபிடித்ததுதான் ஆழமாகப் பதியும்" என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கவே இல்லை என்பதைத்தான் காட்டியது.

கதை அங்கே முடியவில்லை. 2007இல் டேவிட் டீனும் டியானா கூனும் இதையே நீண்ட காலம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை நேரடியாகச் சொல்லிக்கொடுத்ததன் பலன் மாதக்கணக்கில் அப்படியே நிற்கவில்லை. வாரக்கணக்காகத் தொடர்ந்து இப்படிப்பட்ட புதிர்களோடு மல்லுக்கட்டிய பிள்ளைகளிடம்தான் அது தங்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது: மாறிகளைக் கட்டுப்படுத்துவதைச் சொல்லிக்கொடுங்கள், வெட்கப்படாமல், பலகையில் எழுதியே சொல்லிக்கொடுங்கள். ஆனால் ஒரு பாடவேளையில் சொல்லி முடித்துவிட்டோம் என்று நகர்ந்துவிடாதீர்கள், வருடம் முழுக்க வெவ்வேறு சோதனையில் அது திரும்பி வர வேண்டும்.

சொல்லிக்கொடுத்த பிறகும் கண்டுபிடிக்க ஏராளமாக இருக்கிறது. எதை மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது, எப்படி அளப்பது, வந்த எண்ணை நம்பலாமா, இதெல்லாம் பிள்ளையின் முடிவுதான். மேலே மாறிலி சொன்ன கொக்கி எடைக் கதையில், "ஒன்றை மட்டும் மாற்று" என்ற விதி தெரிந்த பிள்ளைகளும் மாட்டிக்கொண்டிருப்பார்கள், பாருங்கள்.

---

பச்சையம் எழுதியது:

நடுக்கோடு சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகளை வைத்து ஆய்வுத் திறன் என்றாலே மாறிகளைக் கட்டுப்படுத்துவதுதான் என்று ஆகிவிடுகிறது, அதுதான் என் ஆட்சேபம். அளப்பதற்கு அது எளிது, அதனால் எல்லாரும் அதையே அளக்கிறார்கள்.

நான் உயிரியல். எங்கள் பக்கத்தில் பாதி விஷயத்தில் மாறியைக் கையில் பிடிக்கவே முடியாது. குளத்தில் தவளை ஏன் குறைந்தது என்று பார்க்கப் போகும் பிள்ளை எந்த மாறியை நிறுத்திவைக்கும்? அங்கே தேவை உற்றுப் பார்ப்பது, எங்கே எத்தனை இடத்தில் எண்ணுவது என்று தீர்மானிப்பது, இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அவசரப்படாமல் இருப்பது. வானியலும் நிலவியலும் இப்படித்தான். நோக்கம், கருதுகோள், சோதனை, முடிவு என்ற ஒரே ஏணியைப் பிள்ளை மனதில் பதித்துவிட்டால், டார்வின் செய்தது அறிவியல் இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும்.

அதுபோக, கேள்வி கேட்கும் திறன். இதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன், எந்த மதிப்பெண் அட்டவணையிலும் இதற்கு உருப்படியான இடம் இல்லை. "செடி ஏன் வளர்கிறது?" என்று கேட்கும் பிள்ளையை, "இலையின் அடிப்பக்கத்தில் வாசலின் களிம்பு பூசினால் நீராவிப்போக்கு குறையுமா, மேல்பக்கம் பூசினால்?" என்று கேட்கும் இடத்துக்குக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை. நான் செய்வது: ஒரு பொருளை அல்லது நிகழ்வைக் காட்டி, ஆளுக்குப் பல கேள்விகளை எழுதச் சொல்லி, எதைப் பள்ளி ஆய்வகத்திலேயே சோதிக்க முடியும், எதைப் புத்தகத்தில் தேடினால் போதும், எதைச் சோதிக்கவே முடியாது என்று அவர்களையே பிரிக்கச் சொல்வேன். பிரிக்கும்போது வரும் வாக்குவாதத்தில்தான் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் ஒரு கேள்வியை எடுத்துத் திருத்தி எழுதச் சொல்வேன். முதல் கேள்வியும் திருத்திய கேள்வியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு மதிப்பெண்.

---

மாறிலி எழுதியது:

"இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு மதிப்பெண்", இதை நான் எடுத்துக்கொள்கிறேன் மேடம். ஒரே சந்தேகம், முதலிலேயே நல்ல கேள்வி எழுதிவிடும் பிள்ளைக்குத் தூரம் குறைவாக இருக்குமே?

---

பச்சையம் எழுதியது:

அவர்களுக்கு நான் திருத்தச் சொல்லும் கேள்வி வேறு, மாறிலி சார். வகுப்பில் இன்னொரு பிள்ளை எழுதியதைக் கொடுத்துத் திருத்தச் சொல்வேன்.

---

தாள்திருத்தி எழுதியது:

பல வருடமாகச் செய்முறைத் தேர்வுத் தாள் திருத்துகிறவன். எல்லாரும் ரூப்ரிக் (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அட்டவணை) பற்றிப் பேசப் போகிறீர்கள், அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதற்கு மதிப்பெண் என்பதை எழுதிக் கையில் கொடுத்தவுடனே, பிள்ளைகள் அந்தத் திறனை விட்டுவிட்டு அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். "பிழைகளைக் குறிப்பிட்டு மேம்பாடு கூறுதல் – 2 மதிப்பெண்" என்று இருந்தால் தாளுக்குத் தாள் "இன்னும் அதிக அளவீடுகள் எடுத்தால் துல்லியம் கூடும்" என்று வரும். எந்தச் சோதனையாக இருந்தாலும் அதே வரி. அது தப்பும் இல்லை, அதற்கு மதிப்பெண் போடாமலும் இருக்க முடியாது, ஆனால் அந்தப் பிள்ளை எதையும் யோசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். ஆசிரியர்களே பள்ளியில் வைத்துத் திருத்தும் செய்முறை மதிப்பீட்டில் மதிப்பெண்கள் எல்லாம் உச்சியில் போய்க் குவிந்தன, யார் நல்லவர், யார் சுமார் என்று பிரிக்கவே முடியவில்லை. ஆசிரியர்கள் மேல் மட்டும் குற்றமில்லை. மதிப்பெண் மேல்படிப்பைத் தீர்மானிக்கும்போது யார்தான் பயிற்சி கொடுக்காமல் இருப்பார்கள்? கடைசியில் 2015இல் தொடங்கிய புதிய ஏ லெவல் (பள்ளி இறுதி) பாடத்திட்டத்தில் செய்முறையையும் கிரேடையும் பிரித்துவிட்டார்கள். குறைந்தது 12 செய்முறைகள் செய்ய வேண்டும், அதற்குத் தனியாகத் தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டும் சான்றிதழில் வரும், கிரேடில் சேராது. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 சதவீத மதிப்பெண் செய்முறை பற்றிய கேள்விகளுக்கு.

இதை எதிர்த்தவர்கள் நிறைய. கிரேடில் சேராததற்கு யார் மெனக்கெடுவார்கள் என்றார்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் எனக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். பிள்ளை சோதனை செய்யும்போது ஒவ்வொரு தடவையும் "இதற்கு எவ்வளவு?" என்று யோசிக்க வேண்டியதில்லை. தப்பு விட இடம் கிடைக்கிறது. ஆய்வுத் திறன் வளர அதைவிட முக்கியமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பல நாட்டுப் பள்ளிகளில் இருக்கும் சர்வதேச பேக்கலோரியேட் பாடத்திட்டம் நேர் எதிர் வழியில் போகிறது: மாணவரே கேள்வி தேர்ந்தெடுத்துச் செய்யும் தனி ஆய்வுக்கு இறுதி மதிப்பெண்ணில் 20 சதவீதம். அதில் அருமையான ஆய்வுகளும் வருகின்றன, வீட்டில் உதவ ஆள் இருக்கும் பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் உள்ள இடைவெளியும் பளிச்சென்று தெரிகிறது. இப்போது அறிக்கையை எழுதித்தர செயற்கை நுண்ணறிவும் இருக்கிறது. முடிந்த அறிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் காலம் போய்விட்டது என்றே நினைக்கிறேன்.

---

ஒரு தாய் எழுதியது:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் பெற்றோர் எழுதலாமா தெரியவில்லை. என் மகள் போன வருடம் விளக்கை நகர்த்தி நகர்த்தி, நீர்த்தாவரத்தில் வரும் குமிழிகளை எண்ணும் சோதனை செய்தாள். வந்த எண்களை அப்படியே எழுதினாள், வரைபடம் கோணல்மாணலாக வந்தது. "முடிவு பொருந்தவில்லை" என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். எண்களை அழகாக மாற்றி எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண். "அடுத்த தடவை நானும் மாத்திடறேன்மா" என்றாள். நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

---

பச்சையம் எழுதியது:

அம்மா, தயவுசெய்து எழுதுங்கள், இது உங்களுக்கான இடமும்தான். மகளிடம் அவள் செய்ததுதான் சரி என்று சொல்லுங்கள். இன்னும் ஒன்றும் சொல்லுங்கள்: அந்தச் சோதனை நேர்த்தியாக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரும்போது வெளிச்சத்தோடு சூடும் கூடுகிறது, எனவே குமிழி கூடியது எதனால் என்று தெரியாது. இடையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைத்தால் சூட்டைக் கொஞ்சம் தடுக்கலாம். குமிழிகள் ஒரே அளவில் இருப்பதில்லை, எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வாயுவின் அளவு வேறு. விளக்கை நகர்த்தியதும் தாவரம் உடனே மாறிக்கொள்ளாது, சில நிமிடம் விட வேண்டும். அவளுடைய கோணல் வரைபடத்துக்கு இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும், எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியும்.

ஆசிரியர்களுக்கு: பொருந்தாத அளவீட்டை அழிக்காமல் வைத்திருந்து, வட்டமிட்டு, அதைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதற்கென்றே மதிப்பெண் வையுங்கள். பொருந்தும் முடிவுக்கு வைக்காதீர்கள். எண்களை மாற்றக் கற்றுக்கொடுப்பது நாம்தான், பிள்ளைகள் அல்ல. இதில் எனக்குக் கோபமே வருகிறது.

---

சாளரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கொக்கி எடை விஷயம் அப்படியே மாறிலி சார் சொன்னதுதான், அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன். கேட்ட உடனே ஒரு மாணவி எடைகளைப் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் கட்டிப் பார்க்கலாமா என்றாள். அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று தோன்றியது!

ஆனால் எல்லாரிடமும் இப்படி நின்று பேச நேரமில்லை, வகுப்பு பெரியது. எழுத்துத் தேர்வில் ஆய்வுத் திறனை உருப்படியாகக் கேட்க முடியுமா? "மாறி என்றால் என்ன" என்று கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

---

நடுக்கோடு எழுதியது:

முடியும், ஓரளவுக்கு. வரையறை கேட்காதீர்கள், தீர்மானம் எடுக்கச் சொல்லுங்கள்.

உதாரணமாக: இரண்டு குழுக்கள் ஒரே கரைசலின் வினை நேரத்தை மும்மூன்று தடவை அளந்தன. முதல் குழுவுக்கு 12.1, 12.3, 12.2 நொடி. இரண்டாவது குழுவுக்கு 10.4, 14.1, 12.1. இரண்டுக்கும் சராசரி 12.2. எந்தக் குழுவின் முடிவை நம்புவாய், ஏன்? நீ இரண்டாவது குழுவில் இருந்தால் அடுத்து என்ன செய்வாய்? இதற்கு வரும் பதில்களைப் படித்துப் பாருங்கள். "சராசரி ஒன்றுதான், அதனால் இரண்டும் ஒன்றுதான்" என்று நிறையப் பேர் எழுதுவார்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளில் இதை விளக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். பலருக்கு ஓர் அளவீடு என்றால் "சரியான எண்" ஒன்று எங்கோ இருக்கிறது, திரும்ப அளப்பது அது கிடைக்கும் வரைக்கும்தான். அளவீடுகள் எல்லாம் சேர்ந்து, எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதோடுதான் எதையாவது சொல்லும் என்ற எண்ணம் தானாக வருவதில்லை. கல்லூரிக்கு வந்தவர்களே அப்படி என்றால் ஒன்பதாம் வகுப்பில் வலிந்து சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

இன்னொரு வகை: குறையுள்ள ஒரு சோதனைத் திட்டத்தைக் கொடுத்து, இதிலிருந்து இந்த முடிவுக்கு வரலாமா என்று கேட்பது. சில திட்டங்களில் குறையே இருக்கக் கூடாது. எப்போதும் குறை இருந்தால், இருக்கிறது என்று எழுதினாலே போதும் என்று பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.

2009இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டில் நான்கு, எட்டு, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கையால் செய்யும் சோதனைகளும் கணினியில் செய்யும் சோதனைகளும் கொடுத்தார்கள். சரியான முடிவைத் தேர்ந்தெடுத்தவர்களைவிட, தேர்ந்தெடுத்து அதற்குச் சான்று காட்டி விளக்கியவர்கள் குறைவு. மாறிகள் கூடியபோதும், அடுத்து என்ன தரவு வேண்டும் என்று தாங்களே தீர்மானிக்க வேண்டியிருந்தபோதும் தடுமாறினார்கள். ஆகவே "ஏன்" என்பதற்குக் கீழே எழுத இடம் விடாத எந்தக் கேள்வியும் ஆய்வுத் திறனை அளக்காது என்பது என் கருத்து. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளும் இருக்கின்றன, ஆய்வுத் திறன்களை அளக்க 1985இல் வந்த, 36 கேள்விகள் கொண்ட டிப்ஸ்-2 தேர்வு மாதிரி. வகுப்பு மொத்தமாக எங்கே நிற்கிறது என்று பார்க்க அது உதவும். ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு எழுத உதவாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ரிச்சர்ட் ஷாவெல்சன் குழு 1990களின் தொடக்கத்தில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல செய்முறைகளைக் கொடுத்துப் பார்த்தது: எந்தக் காகிதத் துண்டு அதிகமாகத் தண்ணீர் உறிஞ்சும், மூடிய பெட்டிக்குள் என்ன மின்சுற்று இருக்கிறது, இந்த மாதிரி. திருத்துபவர்கள் இருவர் ஒரே தாளுக்குக் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு சோதனையில் நன்றாகச் செய்த பிள்ளை அடுத்ததில் சறுக்கியது, சறுக்கிய பிள்ளை அடுத்ததில் ஜொலித்தது. ஒன்றிரண்டு சோதனையை வைத்து இந்தப் பிள்ளையின் ஆய்வுத் திறன் இவ்வளவு என்று சொல்லவே முடியாது. ஊசலுக்கு வாங்கிய மதிப்பெண் ஊசலுக்கு வாங்கிய மதிப்பெண்தான்.

---

தாள்திருத்தி எழுதியது:

நடுக்கோடு சொன்னதில் கடைசிப் பத்தியை ஒவ்வொரு தேர்வுக் குழுவும் படிக்க வேண்டும். ஆனால் எழுத்துக் கேள்விகளில் எனக்கு இருக்கும் மனக்குறையையும் சொல்கிறேன். தாளில் கொடுக்கும் தரவு ஏற்கெனவே சுத்தம் செய்யப்பட்டது. எது தரவு, எது குப்பை என்று பிரிக்கும் வேலையை நாமே முடித்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். தயோசல்பேட் கரைசலில் அமிலம் ஊற்றி, கரைசல் கலங்கி, அடியில் வரைந்த பெருக்கல் குறி எப்போது மறைகிறது என்று பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்ததா, இன்னும் மங்கலாகத் தெரிகிறதா என்று மேலிருந்து பார்க்கும் கண்தான் சொல்ல வேண்டும். குழுவில் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் பார்த்தால் எல்லாம் போச்சு. ஒரே ஆள் பார்க்கட்டும் என்று தானாக முடிவெடுத்த குழுவை எந்தத் தாளும் காட்டிக்கொடுக்காது.

---

திரைவாசி எழுதியது:

கணினிச் சோதனைகளை யாரும் சரியாகத் தொடவில்லையே. பல நாட்டு மாணவர்கள் எழுதும் பிசா தேர்வில், 2015இல், வெயிலில் ஓடுபவரைப் பற்றி ஒரு கேள்வித் தொகுப்பு இருந்தது: வெப்பநிலை, ஈரப்பதம், தண்ணீர் குடிக்கிறாரா இல்லையா என்று மாற்றி, வியர்வை, நீரிழப்பு, உடல் வெப்பம் எப்படி மாறுகிறது என்று பார்த்து விடை சொல்ல வேண்டும், எந்தச் சோதனைகளில் வந்த எண்களைச் சான்றாக வைத்து அந்த விடைக்கு வந்தாய் என்றும் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட தளங்களில் பிள்ளை எதை எந்த வரிசையில் மாற்றியது என்பது பதிவாகும். பெரிய வகுப்பில் எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத ஆசிரியருக்கு இது பெரிய உதவி. கைவேலைக்கு இது மாற்று என்று நான் சொல்லவில்லை, குறி மறைந்ததா இல்லையா என்று கண்ணால் தீர்மானிக்கும் பிரச்சினை திரையில் வராது, அதைச் சமாளிக்கக் கற்கவும் முடியாது.

ஆனால் அதே பிசாவை வைத்து "ஆய்வுவழிக் கற்பித்தல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பல நாடுகளில், இந்த மாதிரி வகுப்புகள் அடிக்கடி நடப்பதாகச் சொன்ன மாணவர்களின் மதிப்பெண் குறைவாக இருந்தது உண்மை. எது காரணம் எது விளைவு என்று அந்தக் கணக்கெடுப்பு சொல்லாது. பின்தங்கிய வகுப்பில்தான் ஆசிரியர் செய்முறையை அதிகமாக வைக்கிறாரோ என்னவோ. அடுக்கு அடுக்காக மாறிகள் கலந்து கிடக்கும் தரவு அது, பிள்ளைகளுக்கே பயிற்சிக் கேள்வியாகக் கொடுக்கலாம்.

---

வெண்பலகை எழுதியது:

அதை நிஜமாகவே கொடுக்கப் போகிறேன் சார்.

---

சாளரம் எழுதியது:

சரி, நான் செய்யப் போவதை எழுதிவிடுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்த பாடவேளையில் மாறிகளைக் கட்டுப்படுத்துவதை நேரடியாகவே சொல்லிக்கொடுக்கிறேன், நல்லதும் கெட்டதுமாகச் சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு செய்முறையிலும் ஒரே ஒரு தீர்மானத்தை அவர்களிடம் விடுகிறேன். ஒரு நாள் எவ்வளவு இடைவெளியில் அளப்பது, இன்னொரு நாள் எத்தனை தடவை அளப்பது, இப்படி. எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட்டதுதான் ஊசலில் மூச்சுமுட்டியது. மாற்றுவதற்கு முன்னால் "எதை மாற்றப் போகிறேன், என்ன எதிர்பார்க்கிறேன்" என்று ஒரு வரி, பேனாவில். அழிப்பான் கிடையாது, தப்பென்றால் கோடு போட்டு அடிக்கலாம். அறிக்கை எழுதுவதை வருடத்துக்கு ஓரிரு தடவையாகக் குறைத்து, மற்ற நேரம் இந்தக் கச்சாக் குறிப்பேட்டையே திருத்துகிறேன். அதோடு நடுக்கோடு சொன்ன மாதிரி இரண்டு எழுத்துக் கேள்விகள். விடை புத்தகத்தில் இல்லாத சோதனைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், காகிதத் துண்டு உறிஞ்சுவது முதலில்.

வாய்மொழியாகக் கேட்பதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. குழுவாகச் செய்யும்போது ஒரே பிள்ளை யோசிக்க, மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், அதை எப்படிப் பிடிப்பது?

---

மாறிலி எழுதியது:

ஒரு செய்முறைக்கு இரண்டு குழுவிடம் மட்டும் போய் நில்லுங்கள், எந்தக் குழு என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பருவம் முடியும்போது எல்லாரிடமும் சிலமுறை பேசியிருப்பீர்கள், வேறு வேறு சோதனையில் என்பதால் நடுக்கோடு சொன்ன எச்சரிக்கைக்கும் அது ஓரளவு பதில். கேள்வியைக் குழுவிடம் கேட்காமல் ஒருவரைக் காட்டிக் கேளுங்கள்: "இப்போது அவள் ஏன் அந்த மட்டத்தை மாற்றினாள்?" செய்தவளிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவனிடம் கேளுங்கள். இரண்டாவது தடவையிலிருந்து அவனே அவளிடம் கேட்டு வைத்துக்கொள்வான். காகிதத் துண்டுக்கு ஒன்று: "அதிகம் உறிஞ்சும்" என்றால் எடைக்கு எடையா, பரப்புக்குப் பரப்பா, நேரத்துக்கு நேரமா என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். அந்தச் சண்டை முடிய ஒரு பாடவேளை ஆகும், அந்தப் பாடவேளையைக் கொடுத்துவிடுங்கள்.